பை கனக்கிறது, தோள் வலிக்கிறது, ராத்திரி குளிர்கிறது: ஹம்ப்டா கணவாய்க்குப் பை கட்டுவோருக்குப் பிழை நீக்கும் வழிமுறை

இமாச்சலப் பிரதேசத்தில் மணாலி பக்கம் ஜோப்ராவில் தொடங்கி, சிக்கா, பாலு கா கேரா வழியாக ஏறி, சுமார் 4,270 மீட்டரில் ஹம்ப்டா கணவாயைக் கடந்து, ஷியா கோருவில் தங்கி, லாஹௌல் பக்கம் சத்ருவில் இறங்கும் நடையை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான்கு இரவு, ஐந்து பகல். டென்ட், அடுப்பு, சாப்பாட்டுச் சாமான் என்று எல்லாவற்றையும் இரண்டு பேர் பங்கிட்டுச் சுமப்பதாக வைத்துக்கொள்வோம். ட்ரெக்கிங் நிறுவனத்தோடு போகிறவர்களுக்கு டென்டும் சாப்பாடும் நிறுவனத்தின் பொறுப்பு என்பதால் அந்தப் பகுதிகளைத் தாண்டிவிடலாம். மற்றதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத வழி முதலில் வரும். கடைக்குப் போகிற வழி கடைசியில். அந்த வரிசையை மாற்ற வேண்டாம். பட்டையை இரண்டு விரற்கடை இறுக்கினால் போகிற வலிக்குப் புதுப் பையே வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர்.

தராசில் 15 கிலோவைத் தாண்டுகிறது, பை வாயே மூடவில்லை

முழுப் பையையும் தூக்கித் தராசில் வைத்துப் பார்த்தால் கனம் என்று மட்டும்தான் தெரியும், எது கனம் என்று தெரியாது. பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசை எடுத்து ஒவ்வொரு பொருளாக வைத்து, கிராம் கணக்கைப் போனில் எழுதுங்கள். ஸ்லீப்பிங் பேக் மாதிரிப் பெரிய பொருளுக்கு லக்கேஜ் தராசு போதும். ஒரு மாலை நேரம் இதற்குப் போகும். ஆனால் இதைச் செய்யாமல் கீழே சொல்வது எதுவும் பலிக்காது.

எழுதியதை இரண்டாகப் பிரியுங்கள். தீர்ந்துபோகிறவை (சாப்பாடு, தண்ணீர், கேஸ்) ஒரு பக்கம். கடைசி நாள் வரை முதுகிலேயே இருப்பவை மறுபக்கம். இரண்டாவதைத்தான் அடிப்படை எடை என்பார்கள். அமெரிக்க நெடும்பாதை நடையாளர்கள் அது 4.5 கிலோவுக்குள் இருந்தால் அல்ட்ராலைட், 9 கிலோவுக்குள் இருந்தால் லைட்வெயிட் என்று வகை பிரிக்கிறார்கள். இமயமலைக் குளிருக்கும் நம்மூரில் கிடைக்கும் சாமானுக்கும் 8 கிலோவைக் குறியாக வைத்தால் போதும். அதைவிடக் கீழே போக ஒன்று பணம் வேண்டும், அல்லது நல்ல அனுபவம் வேண்டும்.

8 கிலோ எப்படி வரும்? பை 1.4, ஸ்லீப்பிங் பேக் 1.2, மேட் 0.4, டென்டில் உங்கள் பங்கு 1.2, துணிமணி 2, ரெயின் ஜாக்கெட் 0.3, அடுப்பு பாத்திரத்தில் பங்கு 0.3, சில்லறைச் சாமான் 1. மொத்தம் 7.8. இதன்மேல் சாப்பாடு 3, தண்ணீர் 1.5, கேஸ் பங்கு 0.2 சேர்ந்தால் முதல் நாள் காலையில் 12.5 கிலோ. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதே என்று பொதுவாகச் சொல்வார்கள். 65 கிலோ ஆளுக்கு அது 13. சரியாக வருகிறது.

உங்கள் பட்டியலை இதோடு ஒப்பிடுங்கள். எந்த வரியில் அதிகம் தள்ளிப்போகிறதோ அங்கேதான் கோளாறு.

பெரும்பாலும் அது துணி வரியாகத்தான் இருக்கும். ஐந்து நாளைக்கு ஐந்து டி-ஷர்ட் என்பது ஊரில் போடுகிற கணக்கு. மலையில் இரண்டு செட்தான்: நடக்க ஒன்று, படுக்க ஒன்று. நடக்கிற செட் வியர்க்கும், நனையும், நாறும், நாறட்டும். படுக்கிற செட்டை டென்டுக்குள் மட்டுமே போடுவது, என்ன ஆனாலும் அதை நனைய விடாதது என்பது மட்டும் கறார். இதோடு ஒரு ஃபிளீஸ், ஒரு டவுன் (வாத்து இறகுப் பஞ்சு நிரப்பியது) அல்லது சிந்தெடிக் ஜாக்கெட், மூன்று ஜோடி சாக்ஸ், குல்லா, கையுறை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். காய்ந்திருக்கும்போதே அரைக் கிலோவுக்கு மேல், நனைந்தால் அந்த நடை முழுக்கக் காயாது. டர்க்கி டவலுக்குப் பதில் நம்மூர்க் கைத்தறி ஈரிழைத் துண்டு ஒன்றை எடுங்கள். மெல்லிசு, பையின் வெளியே கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் வெயில் இருக்கிற ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், கழுத்தில் சுற்றலாம், சூடான பாத்திரம் பிடிக்கலாம். ட்ரெக்கிங் கடைகளில் விற்கிற விலை கூடிய டவல் இதைவிடப் பெரிதாக எதையும் செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம். நனைந்தால் லேசில் காயாத பருத்தி மலையில் ஆகாது என்ற விதிக்கு இந்தத் துண்டு ஒன்றுதான் விலக்கு. உடம்பில் ஒட்டிக்கிடக்கும் பனியன், உள்ளாடை எல்லாம் சிந்தெடிக்காகவே இருக்கட்டும்.

துணி சரியாக இருந்து சில்லறைச் சாமான் வரி வீங்கியிருந்தால் அந்தச் சின்னப் பைகளைத் திறந்து பாருங்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 400 கிராம் அளவுக்கு வரும். ஐந்து நாளைக்கு 10,000 போதும், எடை பாதி. முழு டூத்பேஸ்ட், முழு சன்ஸ்கிரீன், பவுடர் டப்பா, ஷாம்பு, வாசலில் வைத்து அம்மா கையில் திணித்த எவர்சில்வர் டப்பா முறுக்கு என்று எல்லாம் ஒன்றரைக் கிலோவைத் தொடும். சன்ஸ்கிரீனைக் கண்மருந்துக் குப்பி அளவுள்ள சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். முறுக்கை மணாலி போவதற்குள் பஸ்ஸிலேயே தீர்த்துவிடுங்கள்.

இரண்டுமே சரியாக இருந்தால்தான் பை, டென்ட், ஸ்லீப்பிங் பேக் என்ற மூன்று பெரிய சாமான்களைப் பற்றி யோசிக்க வேண்டும். 70 லிட்டர் பை வெறுமனே 2.5 கிலோ இருக்கிறதென்றால் மாற்றலாம்தான். ஆனால் அதைக் கடைசியில் வாங்குங்கள். மற்றதையெல்லாம் குறைத்து, மிச்சம் எத்தனை லிட்டர் என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற பை. பெரிய பை முதலில் வந்துவிட்டால் அது நிரம்பாமல் விடாது. ஒரே ஒரு நடைக்காக என்றால் வாங்கவே வேண்டாம். மணாலியில் ஜாக்கெட், ஷூ, ஸ்லீப்பிங் பேக், கைத்தடி எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்லீப்பிங் பேக்கை மட்டும் கடையிலேயே பிரித்து, ஜிப் முழுக்க ஓடுகிறதா, முகர்ந்தால் தாங்குகிறதா என்று பார்த்து எடுங்கள்.

எடை குறைக்கிற உற்சாகத்தில் இவற்றில் கை வைக்காதீர்கள்: ரெயின் ஜாக்கெட், ஹெட்லாம்ப், மருந்துப் பை, விசில், படுக்கிற செட். 1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஷவர் திரையை மழைக்கு விரித்துக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் நடந்தார். 3,300 கிலோமீட்டருக்கு மேல். எடை குறைப்பவர்கள் எல்லோரும் அவரைக் கும்பிடுவார்கள், நானும்தான். ஆனால் அவர் போன வழியில் ஊர்கள் உண்டு, கதவைத் தட்டினால் சோறு போட்டு இடம் கொடுக்க ஆட்கள் உண்டு. பாலு கா கேராவுக்கு மேலே தட்டுவதற்குக் கதவு கிடையாது.

தோள் வலிக்கிறது, கழுத்து இறுகுகிறது

நல்ல பையில் பெரும்பாலான எடை இடுப்பில்தான் நிற்க வேண்டும். தோள்பட்டை என்பது பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வதற்கு. தோள் வலித்தால் எடை இடுப்பைச் சேரவில்லை என்று அர்த்தம்.

எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். கொஞ்சம் முன்னால் குனிந்து, பையை முதுகில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு இடுப்புப் பட்டையைப் பூட்டுங்கள். பக்கவாட்டில் கை வைத்தால் தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு, பட்டையின் நடுவில் இருக்க வேண்டும். பலர் ஜீன்ஸ் பெல்ட் மாதிரி அதற்கும் கீழே பூட்டுவார்கள். வேட்டியை இறுக்கிக் கட்டுகிற உயரம்தான் சரி. நன்றாக இறுக்கிவிட்டு நிமிருங்கள். இப்போது தோள்பட்டையை இழுங்கள், உடம்பைத் தொடுகிற அளவு மட்டும். அப்புறம் தோளுக்கு மேலிருந்து பையின் உச்சிக்குப் போகும் சின்னப் பட்டை. அது சுமார் 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். நெஞ்சுப் பட்டை கடைசி.

சோதனை: தோள்பட்டைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரலை விட்டுப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் சரி. நசுங்கினால் இடுப்புப் பட்டை வழுக்கி இறங்கிவிட்டது, மறுபடி முதலிலிருந்து. ஏற்றத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இது தளரும், அது பட்டையின் குணம்.

மூன்று முறை சரிசெய்தும் வலி போகவில்லையென்றால் பையின் முதுகு நீளம் உங்களுக்குப் பொருந்தவில்லை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டம் வரை, முதுகோடு நாடா வைத்து இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் முதுகு நீளம். ஆறடி ஆளுக்கு நீளமான முதுகுதான் இருக்கும் என்றில்லை. கால் நீளமாக இருந்து முதுகு குட்டையாக இருக்கலாம். முதுகுப் பலகையை ஏற்றி இறக்கும் வசதி உங்கள் பையில் இருக்கிறதா என்று தேடுங்கள். முதுகுப்பக்கம் தோள்பட்டை சேரும் இடத்தில் வெல்க்ரோ ஒளிந்திருக்கும், வாங்கிய நாளிலிருந்து பலர் அதைத் திறந்ததே இல்லை. அந்த வசதியும் இல்லை, அளவும் ஒத்துவரவில்லை என்றால்தான் வேறு பை.

பை பின்னால் இழுக்கிறது, பக்கவாட்டில் ஆடுகிறது

எடை சரி, பட்டை சரி, ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் யாரோ பின்னாலிருந்து இழுக்கிற மாதிரி இருந்தால் உள்ளே அடுக்கியது தப்பு. கனமானவை (சாப்பாடு, டென்ட், பாத்திரம்) முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும் உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக் அடியில். ஜாக்கெட், துணி எல்லாம் வெளிப்பக்கமும் இடுக்குகளும். அடிக்கடி எடுப்பவை உச்சியில்.

பக்கவாட்டில் ஆடினால் முதலில் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு லிட்டர், மறுபக்கம் காலி என்றால் ஒரு கிலோ சாய்வு. அரை லிட்டராகப் பிரித்து இரு பக்கமும் வையுங்கள். வெளியே தொங்குகிற செருப்பு, டம்ளர், கேமரா எல்லாம் உள்ளே போக வேண்டும். பாறைகள் மீது கால் வைத்து ஏறும் பகுதியில் கனத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி அடுக்கினால் நிதானம் கூடும்.

பையைத் திறந்தால் எல்லாம் நனைந்திருக்கிறது

ரெயின் கவர் போட்டேனே என்பீர்கள். ரெயின் கவர் பையின் முதுகுப் பக்கத்தை மூடாது. ஜாக்கெட்டில் வழிகிற மழை முதுகுக்கும் பைக்கும் நடுவே இறங்கி உள்ளே ஊறும். காற்றடித்தால் கவரே பறந்து போகும். ஜூலை, ஆகஸ்டில், மணாலி இருக்கிற குலு பக்கம் பருவமழை நாள்கணக்கில் பெய்யும். கணவாயைத் தாண்டினால் மழை மறைவுப் பிரதேசம், லாஹௌல் வறண்டு கிடக்கும். அதாவது நனைவதெல்லாம் முதல் இரண்டு நாளில்தான், காய்வதற்கு வாய்ப்பில்லாத பக்கத்தில்.

தீர்வு மலிவானது: கனமான பெரிய குப்பைப் பை. பைக்குள் அதை முதலில் விரித்து, ஸ்லீப்பிங் பேக், படுக்கிற செட், டவுன் ஜாக்கெட் மூன்றையும் அதற்குள் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துச் செருகுங்கள். முடிச்சுப் போடாதீர்கள், குளிரில் விறைத்த விரலால் பிரிக்க முடியாமல் கடைசியில் கிழிப்பீர்கள். உபரியாக ஒன்று மடித்து வையுங்கள், 50 கிராம்தான். டென்ட் ஈரமாகவே கட்ட வேண்டியிருக்கும், அது இந்த உறைக்கு வெளியே.

ரெயின் கவர் வேண்டாமா? சேறு படாமல் இருக்க உதவும். இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பை நனையவில்லை, ஆனால் காலையில் ஸ்லீப்பிங் பேக்கின் மேற்பக்கம் ஈரமாக இருக்கிறது என்றால் அது மழை இல்லை, உங்கள் மூச்சு. டென்டின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள்: சீராக வியர்த்திருந்தால் நீராவி, ஒரு தையலோரம் மட்டும் சொட்டினால் ஒழுகல். நீராவிக்கு மருந்து, குளிருக்குப் பயந்து மூடிய காற்றுத் திறப்புகளைத் திறந்து வைப்பது. ஒழுகலுக்குத் தையல்மேல் பூசும் சீலர், அதுவும் ஊரிலேயே பூசிக் காயவைக்க வேண்டியது.

ராத்திரி குளிர்கிறது, தூக்கமே இல்லை

இதற்கு எல்லோரும் சொல்லும் முதல் பதில் இன்னும் தடித்த ஸ்லீப்பிங் பேக். பாதி நேரம் அது தப்பான பதில், அதுவும் அரைக் கிலோ கூடுதல் தப்பு.

குளிர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது தரையைத் தொடுகிற இடுப்பும் தோளும் சில்லிட்டால் குற்றவாளி மேட். உங்கள் எடையால் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கி அங்கே காற்றே இராது. காற்று இல்லாவிட்டால் கதகதப்பும் இல்லை. யோகா மேட்டைச் சுருட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கனமோ கனம், தரைக் குளிரையும் தடுக்காது. மூடிய அறைகள் கொண்ட ஃபோம் மேட் 400 கிராமுக்குள் கிடைக்கும். அதையும் தாண்டிக் குளிர்ந்தால் காலியான பையை விரித்துக் காலுக்கடியில் போடுங்கள், ரெயின் ஜாக்கெட்டை இடுப்புக்கடியில்.

மேலிருந்து குளிர்ந்தால் வரிசையாக இவற்றைக் கேளுங்கள். நடந்த துணியோடேயே படுத்தீர்களா? வியர்வை ஈரம் காலை வரை உங்கள் சூட்டைத் தின்னும், மாற்றுங்கள். தலை திறந்திருக்கிறதா? குல்லா, ஸ்லீப்பிங் பேக்கின் முக்காட்டுக் கயிறு. பசியோடு படுத்தீர்களா? படுக்கப் போகும்போது ஒரு கடலை உருண்டை. கொழுப்புச் சத்து மெதுவாக எரியும். நடுராத்திரியில் சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடக்கிறீர்களா? எழுந்து போய்விட்டு வாருங்கள், இரண்டு நிமிஷக் குளிருக்குப் பயந்து மூன்று மணி நேரம் விழித்துக் கிடக்க வேண்டாம். அப்புறம் வெந்நீர்: கெட்டியான, மூடி ஒழுகாத பாட்டிலில் சூடான தண்ணீர் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அதுவே குடிநீர். கடையில் வாங்கின மெல்லிசு தண்ணீர் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிக் கோணிப் போகும்.

இத்தனைக்கும் பிறகு குளிர்ந்தால் ஸ்லீப்பிங் பேக்கின் சீட்டைப் படியுங்கள். ஐஎஸ்ஓ 23537 அளவுகோலில் சோதித்த பைகளில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலை போட்டிருக்கும். கம்ஃபர்ட்தான் நீங்கள் பார்க்க வேண்டியது. எக்ஸ்ட்ரீம் என்பது செத்துப்போகாமல் ராத்திரியை ஓட்டும் கணக்கு. சில கடைக்காரர்கள் அந்த எண்ணைத்தான் பெரிதாகச் சொல்லி விற்பார்கள். ஷியா கோருவில் ஜூனிலும் செப்டம்பரிலும் ராத்திரி 0 டிகிரியை ஒட்டி இறங்கும் என்று வைத்து, கம்ஃபர்ட் 0 அல்லது அதற்கும் கீழே உள்ளதை எடுங்கள். டவுன் நிரப்பியது லேசு, ஆனால் நனைந்தால் பயனில்லை. சிந்தெடிக் கனம், ஈரத்திலும் ஓரளவு காக்கும். மேலே சொன்ன குப்பைப் பை ஒழுங்கு கைவந்தவர்களுக்கு டவுன். நம்பிக்கை இல்லாதவர்களுக்குச் சிந்தெடிக்.

குதிகால் எரிகிறது, கொப்புளம் வருகிறது

எரிச்சல் தொடங்கியதும் நிற்க வேண்டும். அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தால் அங்கே கொப்புளம்தான் இருக்கும். ஷூவைக் கழற்றி, துண்டால் ஈரம் போகத் துடைத்து, நன்றாக ஒட்டுகிற துணிப் பிளாஸ்டரைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். காகித மைக்ரோபோர் வியர்வையில் நழுவிவிடும். சாக்ஸை மாற்றுங்கள், கழற்றியதைப் பைக்கு வெளியே காயப்போடுங்கள்.

வழியில் ஆற்றைக் காலால் கடக்க வேண்டியிருக்கும், தண்ணீர் பனியுருகி வருவது. ஷூவோடு இறங்கினால் மறுநாள் வரை ஈரம், வெறுங்காலோடு இறங்கினால் கல் கிழிக்கும். பட்டை வைத்த லேசான செருப்பு ஒன்று இதற்கும் ஆகும், முகாமிலும் ஆகும். மதியத்துக்குள் கடந்துவிடுங்கள், வெயில் ஏற ஏறப் பனி உருகி நீர்மட்டம் கூடும். கடக்கும்போது இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும்.

கொப்புளம் திரும்பத் திரும்ப வந்தால் ஷூ அளவைப் பாருங்கள். நடக்க நடக்கப் பாதம் வீங்கும். மாலையில், தடித்த சாக்ஸ் போட்டு, இறங்குகிற மாதிரி சாய்ந்து நின்றால் கட்டைவிரல் முன்னால் இடிக்கக் கூடாது. காலில் ஒரு கிலோ என்பது முதுகில் ஐந்து கிலோ என்ற பழைய வழக்கு ஒன்று உண்டு. 13 கிலோ பையோடு போகிறவருக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறும் கனத்த பூட்ஸ் கட்டாயமில்லை.

அடுப்பு சீறுகிறது, ஆனால் சமைந்தபாடில்லை. கேஸ் மூன்றாம் நாளே தீர்ந்தது

இரண்டு காரணம். ஒன்று, உயரம். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். பாலு கா கேரா 3,600 மீட்டருக்கு மேல். அங்கே தண்ணீர் 88 டிகிரியில் கொதித்துவிடும். எவ்வளவு நேரம் வைத்தாலும் அதற்குமேல் சூடேறாது. துவரம்பருப்பு அங்கே குக்கரில்லாமல் வேகாது, அரிசி நறுக்கென்று நிற்கும், கேஸ் மட்டும் வேகமாய்ப் போகும். எனவே பருப்பு அரிசியை வீட்டிலேயே விட்டுவிட்டு, வெந்நீர் ஊற்றினாலே ஆகிறவற்றை எடுங்கள்: அவல், வறுத்த ரவையில் தாளித்துக் கலந்த உப்புமா மிக்ஸ், சேமியா, சத்துமாவு. கொதித்ததும் அடுப்பை நிறுத்தி, மூடி, ஜாக்கெட்டில் சுற்றிப் பத்து நிமிஷம் வைத்தால் மிச்சம் தானாக வேகும்.

இரண்டு, குளிர். சாதா பியூட்டேன் -0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகி வராது. விடிகாலைக் குளிரில் அது திரவமாகவே கிடக்கும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். ராத்திரி டப்பாவை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுத் தூங்குங்கள். காற்றுக்கு மறைப்பாகப் பாறை, பை எதுவும் வைக்கலாம். டப்பாவையே முழுக்கச் சுற்றி மறைக்கக் கூடாது, சூடேறி வெடிக்கும். டென்டுக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள். தீப்பிடிப்பது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

கணக்கு: லிட்டர் தண்ணீர் கொதிக்க, காற்று மறைப்போடு, 15 கிராம் கேஸ் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு நாளைக்கு மூன்று லிட்டர், நான்கரை நாள் என்றால் 200 கிராம் சொச்சம். 230 கிராம் டப்பா ஒன்று போதும், இடையிடையே டீக்கு ஆசைப்படாவிட்டால். ஆசைப்படுவீர்கள், 100 கிராம் டப்பா ஒன்றைக் கூடச் சேருங்கள். இதைச் சென்னையிலிருந்து கொண்டுபோக முடியாது, விமானத்தில் எந்தப் பெட்டியிலும் அனுமதி இல்லை, ரயிலிலும் தடை. மணாலியில் வாங்குங்கள். பவர் பேங்க் நேர்மாறு: விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும்.

சாப்பாடு பாதி மிஞ்சுகிறது, ஆனாலும் தெம்பில்லை

உயரத்தில் பசி மந்தமாகும். சப்பென்ற பாக்கெட் நூடுல்ஸை மூன்றாம் நாள் பார்த்தாலே குமட்டும். ஆகவே தலைக்கு நாளைக்கு 650 கிராம், அதில் கொழுப்பு கூடியதாக, நாக்குக்குப் பிடித்ததாக எடுங்கள். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்து 4. வேர்க்கடலை 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் தரும். அந்த வகையில் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை எல்லாம் வெளிநாட்டு எனர்ஜி பார்களுக்குச் சற்றும் இளைத்தவை இல்லை, விலையில் பத்தில் ஒரு பங்கு. பொரிவிளங்காயைக் குளிரில் கடிப்பதற்குமுன் பல்லை நினைத்துக்கொள்ளுங்கள்; கிளம்புமுன் தட்டி உடைத்து எடுப்பது உத்தமம். பருப்புப்பொடி, நெய், கெட்டியாகச் சுண்டவைத்த புளிக்காய்ச்சல் மூன்றும் எந்தச் சோற்றையும் அவலையும் இறங்க வைக்கும். புளிக்காய்ச்சல் எண்ணெய் கசியும் என்பதால் இரண்டு ஜிப் கவர், அதன்மேல் ஒரு சின்ன டப்பா.

வேளைவாரியாகக் கவரில் போட்டு மேலே மார்க்கரில் 2ஆம் நாள் காலை, 3ஆம் நாள் இரவு என்று எழுதிவிட்டால் உபரி எது என்று வீட்டிலேயே கண்ணுக்குத் தெரியும்.

தண்ணீரே மூன்று கிலோ ஆகிறது

இந்தப் பாதையில் பெரும்பாலும் ஓடையை விட்டு அதிக தூரம் போவதில்லை. ஃபில்டர் அல்லது குளோரின் மாத்திரை இருந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் சுமக்க வேண்டாம். கணவாய் ஏறும் நாள் மட்டும் முகாமிலேயே நிரப்பிக் கிளம்புங்கள். மாத்திரைக்கு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும், குளிர்ந்த நீரில் இன்னும் கூடுதல். ஃபில்டர் உறைந்தால் உள்ளே இழைகள் வெடித்துப் பயனற்றுப் போகும், வெளியே பார்த்தால் தெரியாது. ராத்திரி அதுவும் ஸ்லீப்பிங் பேக்குக்குள்.

போன் 40 சதவீதத்திலிருந்து பட்டென்று அணைகிறது

குளிர்ந்த லித்தியம் பேட்டரி அப்படித்தான். உள்சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றினால் பாதி திரும்பி வரும். ஏரோபிளேன் மோடில் வையுங்கள். இல்லாத சிக்னலைத் தேடியே தீர்ந்துவிடும்.

தலைவலி, குமட்டல், பை திடீரென்று இரண்டு மடங்கு கனக்கிறது

இதைப் பைக் கோளாறாக நினைத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருக்காதீர்கள். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டல், அசதி, தலைசுற்றல் ஏதாவது சேர்ந்தால் உயர நோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரம் நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது பொது விதி. சிக்காவிலிருந்து பாலு கா கேராவுக்கு ஒரே நாளில் ஏறும்போது அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறோம். மணாலியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிக் கிளம்புவது இதற்காகத்தான்.

பாலு கா கேராவில் காலை எழுந்ததும் தலைவலி போகவில்லையென்றால் கணவாய் பக்கம் போகாதீர்கள். ஒரு நாள் அங்கேயே ஓய்வு. குறையாவிட்டால் வந்த வழியே சிக்காவுக்கு இறக்கம். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ஓய்வெல்லாம் கிடையாது, ராத்திரியானாலும் அப்போதே இறங்க வேண்டும். முடியாதவரைப் பை சுமக்க வைக்க வேண்டாம், தனியாகவும் அனுப்ப வேண்டாம். அவருடைய ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், தண்ணீர், ஹெட்லாம்ப் நான்கையும் கூட இறங்குகிறவர் பையில் மாற்றுங்கள்; மற்றதை முகாமில் இருக்கும் வேறு குழுவிடமோ குதிரைக்காரரிடமோ ஒப்படைத்துவிட்டு, ஜோப்ராவுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள்.